இரண்டடி சன்ஷேடும் ஒரு பினாப்தலீன் குப்பியும்

திருச்சி உறையூரில் எங்கள் தெருவில் ‘எலிவேஷன்’ என்ற சொல்லை அறியாதவர் இன்று எவரும் இல்லை. வரைபடத்தில் கட்டடத்தின் முகப்புத் தோற்றத்தைக் குறிப்பதற்காகப் பொறியாளர்கள் வைத்திருந்த அந்தச் சொல், இப்போது பழைய வீட்டின் முன்பக்கத்தில் ஒட்டப்படும் பொருள்களுக்கெல்லாம் பொதுப்பெயராகிவிட்டது. ஒரு வீட்டில் சாம்பல்நிற அலுமினியப் பலகை, அடுத்த வீட்டில் கருங்கல் போலத் தோன்றும் டைல்ஸ், மூன்றாவது வீட்டில் இரண்டும் சேர்ந்து, நடுவில் நீல விளக்குப் பட்டை. 2023ஆம் ஆண்டு மே மாதம் வேதியியல் ஆசிரியர் பணியிலிருந்து ஓய்வு பெற்றவுடன் எங்கள் வீட்டுக்கும் ஓர் எலிவேஷன் செய்துவிடலாம் என்று நானும் நினைத்தேன் என்பதை ஒளிக்கப் போவதில்லை.

வீடு 1981இல் அப்பா கட்டியது. பொன்மலை ரயில்வே பணிமனையில் ஃபிட்டராக இருந்தவர், வருங்கால வைப்பு நிதியில் கடன் வாங்கிக் கட்டினார். ஒன்பது அங்குலச் செங்கல் சுவர்கள், கான்கிரீட் தளம், மேற்குப் பார்த்த வாசல், முன்னால் ஆறடி அகலத்தில் ஒரு வராந்தா. ஜன்னல்களுக்கு மேலே இரண்டடி நீட்டிய சன்ஷேட். கைப்பிடிச் சுவரின் நடுவில் அரைவட்டமாக ஒரு மேடு. அதில் சூரியக் கதிர்கள் விரிவதுபோல் கோடுகள். அவற்றுக்குக் கீழே சிமெண்டில் புடைத்த எழுத்தில் ‘முருகன் துணை 1981’. பூச்சு வேலை முடிந்த வாரங்களில் காலையும் மாலையும் கிணற்றிலிருந்து நீர் இறைத்து அந்தச் சுவர்களை நனைத்தது அப்போது பதினெட்டு வயதாக இருந்த நான்தான். அதனால் அந்தச் சுவர் மீது எனக்குக் கொஞ்சம் உரிமை உண்டு என்று எப்போதும் ஓர் எண்ணம்.

1994இல் தெருவில் ஒரு திருட்டு நடந்த பிறகு வராந்தா முழுவதையும் இரும்புக் கிரில்லால் அடைத்தோம். அதன் பிறகு முன்பக்கத்தில் எதுவும் மாறவில்லை, வண்ணத்தைத் தவிர. வெள்ளை, அதன் மேல் ஸ்னோசெம் என்ற சிமெண்டு வண்ணம், அதன் மேல் ரோஸ், அதன் மேல் ஒரு பச்சை. அந்தப் பச்சையைத் தேர்ந்தெடுத்தவர் யார் என்பதில் வீட்டில் இன்றுவரை கருத்தொற்றுமை இல்லை.

முகப்பைப் பார்க்க வந்த ஒப்பந்ததாரர், கைப்பேசியில் ஒரு படத்தைக் காட்டினார். எங்கள் வீடு அதில் ஒரு வங்கிக் கிளை போல இருந்தது. கைப்பிடிச் சுவரை அலுமினியக் கூட்டுப் பலகையால் மூடிவிடலாம், கீழே கல் ஒட்டிவிடலாம், விரிசலும் கறையும் ‘உள்ளே போயிடும்’ என்றார். அவர் சொன்ன தொகையைவிட அந்தச் சொல்தான் என்னை உறுத்தியது. விரிசல் எப்படி உள்ளே போகும்? கண்ணுக்குத்தான் தெரியாமல் போகும். 20 மில்லிமீட்டர் கனமுள்ள கல் ஒரு சதுர அடிக்கு ஏறத்தாழ 5 கிலோ இருக்கும். பொரிந்து நிற்கும் நாற்பது வருடப் பூச்சின் மேல் அதை ஒட்டினால், கல்லைப் பிடித்துக்கொண்டிருப்பது பசையாக இருக்காது, நம் அதிர்ஷ்டமாகத்தான் இருக்கும். அலுமினியப் பலகை என்பதும் முழு அலுமினியம் அன்று. இரண்டு மெல்லிய தகடுகளுக்கு நடுவில் வேறொரு பொருளை வைத்து அழுத்தியது. விலை குறைந்த வகைகளில் அந்த நடுப்பொருள் பாலிஎத்திலீன், அதாவது எரியக்கூடிய பிளாஸ்டிக். 2017 ஜூன் 14 அன்று லண்டனில் கிரென்ஃபெல் அடுக்ககம் எரிந்து 72 பேர் இறந்தபோது, தீ வெளிச்சுவர் வழியாக அவ்வளவு வேகமாக ஏறியதற்கு அத்தகைய பலகைகளே முக்கியக் காரணம் என்று விசாரணையில் தெரியவந்தது. ஒற்றை மாடி வீட்டுக்கும் இருபத்து நான்கு மாடிக் கட்டடத்துக்கும் ஒப்பீடு பொருந்தாது என்பது எனக்குத் தெரியும். இருந்தாலும் மனம் ஒப்பவில்லை. நானே பார்க்கிறேன் என்று சொல்லி அவரை அனுப்பிவிட்டேன்.

நானே பார்க்கிறேன் என்றதற்கு அப்போது எந்தத் திட்டமும் என்னிடம் இல்லை. பன்னிரண்டாம் வகுப்பு மாணவர்களுக்கு உப்புப் பகுப்பாய்வு கற்பிக்கும்போது, குப்பியைத் திறப்பதற்கு முன் உப்பின் நிறத்தையும் தோற்றத்தையும் பார்த்து எழுதுங்கள் என்று முப்பது வருடம் சொல்லியிருக்கிறேன். அதையே செய்தேன். அந்த வருட மழைக்காலம் முழுவதும் எதிர்வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து, எங்கள் வீட்டின் முகத்தைப் பார்த்துக் கறைகளைக் குறித்துக்கொண்டேன். சன்ஷேடின் அடிப்பகுதியில் துருவின் பழுப்பு நிறம். கைப்பிடிச் சுவரின் உச்சியிலிருந்து கறுப்பாக வழிந்த கோடுகள். தரையிலிருந்து மூன்றடி உயரம் வரை வெள்ளையாகப் பொரிந்து உதிரும் பூச்சு. அரைவட்ட மேட்டின் இடது ஓரத்தில் விரல் கனத்தில் ஓர் அரசங்கன்று. வீட்டைக் கிழடாகக் காட்டியது அப்பாவின் வடிவமைப்பு அன்று என்பது அந்தத் திண்ணையில்தான் எனக்குப் புரிந்தது. நான் குறித்த ஒவ்வொரு கறையும் தண்ணீர் போன வழி.

பொங்கல் முடிந்ததும் கீழிருந்து தொடங்கினேன். பொரிந்த இடத்தில் உப்பைச் சுரண்டி, நீரில் கரைத்து, நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் சில துளிகள் விட்டுப் பேரியம் குளோரைடு சேர்த்தேன். பால்போல வீழ்படிவு இறங்கியது, சல்பேட். (பேரியம் குளோரைடு நச்சுப்பொருள், பழக்கமில்லாதவர்கள் இந்தச் சோதனையில் இறங்க வேண்டாம், இதைச் செய்யாமலும் சுவரைச் சரிசெய்ய முடியும்.) எந்த சல்பேட் என்பதை இந்தச் சோதனை சொல்லாது. ஆனால் செங்கல் சுவரில் வழக்கமாகப் பூப்பது சோடியம் சல்பேட். அது 10 நீர் மூலக்கூறுகளை ஏற்றுப் படிகமாகும்போது அதன் பருமன் மூன்று மடங்குக்கு மேல் பெருகுகிறது. பூச்சுக்குப் பின்னால் அந்தப் பெருக்கம் நடந்தால் பூச்சு வெடிக்காமல் என்ன செய்யும்? அதன் மேல் எத்தனை முறை பட்டி பார்த்து வண்ணம் அடித்தாலும் உப்பு அதையும் சேர்த்துத் தள்ளிவிடும். உப்பை நீர் ஊற்றிக் கழுவுவதும் தவறு. கரைந்த உப்பு மீண்டும் செங்கல்லுக்குள் போய் உட்கார்ந்துகொள்ளும். உலர்ந்த தூரிகையால் துடைத்து, அள்ளி அப்புறப்படுத்துவதே முறை.

உப்பைச் சுமந்து வரும் ஈரம் எங்கிருந்து வருகிறது என்பதுதான் உண்மையான கேள்வி. வீடு கட்டியபோது தெருவிலிருந்து வராந்தாவுக்கு நான்கு படிகள் இருந்தன. பழைய சாலையைச் சுரண்டாமல் அதன் மேலேயே மீண்டும் மீண்டும் தார் போட்டதில் தெரு உயர்ந்து, இப்போது இரண்டு படிகள்தான் வெளியே தெரிகின்றன. தெருத் தண்ணீர் உள்ளே வருகிறதென்று நாங்களும் முன்முற்றத்தில் மண் கொட்டி உயர்த்தி, அதன் மேல் சிமெண்டுத் தரை போட்டோம். அடித்தளத்துக்கு மேலே ஈரம் ஏறாதிருக்க அந்தக் காலத்தில் போட்டிருந்த தடுப்புப் படலம் அந்த மண்ணுக்குள் புதைந்துவிட்டது. போதாக்குறைக்கு நாங்கள் போட்ட தரை சுவரை நோக்கிச் சரிந்திருந்தது. இருபது வருடமாக ஒவ்வொரு மழையும் எங்கள் சுவருக்கு நாங்களே ஊற்றிய தண்ணீர்.

எனவே முகப்பைப் புதுப்பிக்கும் வேலையில் நான் செய்த முதல் காரியம், சுவரை ஒட்டி ஒன்றரை அடி அகலத்துக்குச் சிமெண்டுத் தரையை உளியாலும் சம்மட்டியாலும் உடைத்தது. பழைய தடுப்புப் படலம் வெளியே தெரியும்வரை மண்ணை வெட்டி எடுத்து, அந்த வாய்க்காலில் ஜல்லியை நிரப்பி, ஓரமாக மழைநீர்த் தொட்டிக்குச் சரிவு கொடுத்தேன். அக்கா மகன் சனி, ஞாயிறுகளில் வந்து மண் சுமந்தான். பிறகு பொரிந்த பூச்சு முழுவதையும் செங்கல் தெரியுமளவு கொத்தி எடுத்துவிட்டு, சுவரை இரண்டு மாதம் அப்படியே திறந்து விட்டேன். போகிற வருகிறவர்கள் எல்லாம் பணம் தீர்ந்துவிட்டதா என்று கேட்டார்கள்.

சன்ஷேடுக்கு வருகிறேன். இந்த வேலையில் எனக்கு மிகவும் பிடித்த பகுதியும், என்னால் தனியாகச் செய்ய முடியாது என்று ஒப்புக்கொண்ட பகுதியும் இதுவே. சன்ஷேட் ஒரு பக்கம் மட்டும் சுவரில் பிடிமானம் கொண்டு காற்றில் நீட்டி நிற்பது. அதன் எடை அதை வளைக்கும்போது இழுபடுவது மேற்பரப்பு. ஆகையால் முக்கியக் கம்பிகள் மேலே இருக்க வேண்டும். கான்கிரீட் போடும் நாளில் ஆட்கள் அதன் மேல் நடந்து கம்பியை மிதித்துக் கீழே இறக்கிவிட்ட சன்ஷேடுகள் ஊரில் ஏராளம். கீழே நின்று சுத்தியலால் தட்டினால் ‘டங்’ என்பதற்குப் பதில் ‘டொப்’ என்று கேட்கும் இடமெல்லாம் பூச்சும் கான்கிரீட்டும் பிரிந்துவிட்டன என்று பொருள். எங்கள் சன்ஷேடில் பாதிக்கு மேல் டொப்.

எங்கள் தெருவிலேயே குடியிருக்கும் ஒரு கொத்தனாரை அழைத்தேன். எழுபதை நெருங்குகிறவர். முதலில் சவுக்குக் கட்டைகளால் சன்ஷேடுக்கு அடியில் முட்டுக் கொடுத்த பிறகுதான் உளியைத் தொட விட்டார். நான் சாரத்தில் ஏறியதைப் பார்த்து அவர் பதறினார்.

“டீச்சர், நீங்க எதுக்கு ஏறுறீங்க? விழுந்தீங்கன்னா ஊரே என்னைத்தான் பேசும்.”

“அண்ணே, இந்தக் குப்பியைத் தெளிச்சிட்டு இறங்கிடுறேன்.”

குப்பியில் இருந்தது ஆல்கஹாலில் கரைத்த பினாப்தலீன். புதிய கான்கிரீட் கடுமையான காரத்தன்மை கொண்டது, அதன் பி.எச். மதிப்பு 12க்கும் மேல். அந்தக் காரத்துக்குள் இருக்கும்வரை இரும்புக் கம்பியின் மேல் மெல்லிய ஆக்சைடுப் படலம் ஒன்று கவசம்போல் நிலைத்திருக்கும். காற்றில் உள்ள கார்பன் டை ஆக்சைடு ஆண்டுக்கணக்கில் உள்ளே நுழைந்து, கான்கிரீட்டில் உள்ள கால்சியம் ஹைட்ராக்சைடைக் கால்சியம் கார்பனேட்டாக மாற்றிக்கொண்டே வரும். அந்த மாற்றம் கம்பியை எட்டும் நாளில் கவசம் கழன்றுவிடும். புதிதாக உடைத்த கான்கிரீட்டின் மேல் பினாப்தலீனைத் தெளித்தால், காரம் மிஞ்சியிருக்கும் இடம் இளஞ்சிவப்பாகும். மாற்றம் நடந்துவிட்ட இடத்தில் நிறம் வராது. எங்கள் சன்ஷேடில் வெளிப்பரப்பிலிருந்து ஒன்றேகால் அங்குலம் வரை நிறமே வரவில்லை. அதற்கு உள்ளே ரோஜா இதழ் போலச் சிவந்தது. கம்பியோ அரை அங்குல ஆழத்திலேயே இருந்தது. கொத்தனார் அந்தச் சிவப்பைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, “நான் தட்டிப் பார்த்துச் சொன்னதைத்தான் இது கலர்ல சொல்லுது” என்றார். உண்மைதான், அவருடைய சுத்தியல் காட்டிய எல்லையும் என் நிறம் காட்டிய எல்லையும் பல இடங்களில் ஒன்றாகவே இருந்தன.

துரு, தான் உண்ட இரும்பைவிட இரண்டு முதல் ஆறு மடங்கு வரை இடம் பிடிக்கும். பூச்சைப் பிளப்பது அந்த நெருக்கடிதான். எனவே பிளந்த இடத்தில் சாந்தை அப்பி மூடுவது, கொதிக்கும் பானைக்கு மூடி போடுவது போன்றது. கம்பியின் பின்பக்கமும் விரல் நுழையும்படி கான்கிரீட்டைக் குடைந்து எடுத்து, கம்பித் தூரிகையால் துருவைத் தேய்த்து, துத்தநாகம் கலந்த பூச்சை அடித்து, பாலிமர் கலந்த சாந்தை இரண்டு அடுக்காக வைத்தோம். மிகவும் மெலிந்துவிட்ட நான்கு கம்பிகளுக்குப் பக்கத்தில் புதுக்கம்பி சேர்த்துக் கட்டினார். தேய்ப்பதும் அடிப்பதும் என் பங்கு. சாந்து வைப்பது அவர் பங்கு. பூச்சைத் தேய்த்துச் சமன்படுத்தும் அவருடைய மணியாசுக் கட்டை ஒரு முறை சுற்றிவந்த இடத்தை நான் ஐந்து முறை சுற்றியும் அந்த வழுவழுப்பு வரவில்லை.

கடைசியில் அவரே நினைவூட்டிய ஒன்றைச் சொல்லியாக வேண்டும். சன்ஷேடின் அடியில், விளிம்பிலிருந்து ஓர் அங்குலம் உள்ளே தள்ளி, அரை அங்குல அகலத்துக்கு நீளவாக்கில் ஒரு பள்ளம் இருக்க வேண்டும். மேலிருந்து வழிந்து விளிம்பைத் தாண்டும் நீர், அடிப்பரப்பை ஒட்டியே சுவரை நோக்கி ஊர்ந்து வரும். அந்தப் பள்ளத்தைத் தாண்ட முடியாமல் அங்கேயே சொட்டி விழுந்துவிடும். 1981இலும் அதைப் போட்டிருந்தார்கள். பிறகு வந்த ஒவ்வொரு பட்டியும் வண்ணமும் அதைக் கொஞ்சம் கொஞ்சமாக அடைத்து, ரோஸ் காலத்தோடு அது மறைந்தே போயிருந்தது. ஈரம் காயாத சாந்தில் ரீப்பர் கட்டை என்ற மெல்லிய மரச்சட்டத்தை அழுத்தி வைத்து, சற்று இறுகியதும் உருவி எடுத்துப் புதுப் பள்ளம் செய்தார். வீட்டின் தோற்றத்தைக் காப்பாற்றுவதில் அந்த அரை அங்குலத்துக்கு ஈடாக எந்த அலங்காரமும் இல்லை என்பது என் கருத்து.

கைப்பிடிச் சுவரின் உச்சிக்கு உள்பக்கம் சரிவு கொடுத்ததும், அரசங்கன்றை வேரோடு எடுக்க இரண்டு செங்கற்களைக் கழற்றி வைத்ததும் இரண்டு நாள் வேலை. விவரிக்கப் பெரிதாக ஒன்றுமில்லை.

பழைய வண்ணத்தைச் சுரண்டுவது பற்றி ஓர் எச்சரிக்கை. சுவரில் இருந்தது சுண்ணாம்பும் சிமெண்டு வண்ணமுமாக இருந்ததால் சிக்கல் இல்லை. கையை ஈரமாக்கித் தேய்த்தால் மாவு ஒட்டும் இடமெல்லாம் சுரண்டியாக வேண்டும் என்பதே கணக்கு. கிரில்லிலும் கதவிலும் இருந்தது பழைய எனாமல். இந்தியாவில் வீட்டு வண்ணங்களில் ஈயத்தின் அளவைப் பத்து லட்சத்தில் 90 பங்காகக் கட்டுப்படுத்தும் விதி 2017 நவம்பரில்தான் நடைமுறைக்கு வந்தது. அதற்கு முந்தைய எனாமலில், அதிலும் பளிச்சென்ற மஞ்சளில், ஈயம் இருக்கும் என்றே கொள்ள வேண்டும். அதை உலர்ந்த உப்புத்தாளால் தேய்த்துத் தூசியாக்கிச் சுவாசிக்கக் கூடாது. நீர் தெளித்து ஈரத்திலேயே சுரண்டி, செதில்களைப் பழைய துணியில் பிடித்துத் தனியே கட்டி வைத்தேன். அக்காவின் பேரக்குழந்தைகளை அந்தப் பத்து நாளும் வீட்டுப் பக்கம் வரவிடவில்லை.

வராந்தாவை என்ன செய்வது என்பதில்தான் ‘நவீனம்’ என்ற சொல்லுக்கு எனக்கு ஒரு பொருள் கிடைத்தது. மேற்குப் பார்த்த வீட்டுக்கு இரண்டடி சன்ஷேட் போதாது. மார்ச் 21 அன்று மாலை 4 மணிக்கு அளந்து பார்த்தேன். அதன் நிழல் சுவரில் ஒன்றரை அடிக்குள்தான் விழுந்தது. 5 மணிக்கு முக்கால் அடிகூட இல்லை. வெயில் ஏறக்குறைய நேராக ஜன்னலுக்குள் வருகிறது. 1994இன் கிரில் திருடனைத் தடுத்ததே தவிர, வெயிலைத் தடுக்கவில்லை. பூவும் கொடியுமாக இருந்த அந்தக் கனத்த கிரில்லை எடுத்துவிட்டு, வராந்தாவின் தென்பாதியில் துளைகள் கொண்ட சுடுமண் ஜாலிகளை அடுக்கி ஒரு திரைச்சுவர் எழுப்பினேன். மூன்று வரிசைக்கு ஒரு மெல்லிய கம்பியைக் கிடையாக ஓடவிட்டு இருபுறத் தூண்களிலும் செருகினோம். இல்லாவிட்டால் ஒரு கை பட்டாலே சாய்ந்துவிடும். கட்டடக் கலைஞர் லாரி பேக்கர் திருவனந்தபுரத்தில் கட்டிய வீடுகளில் செங்கல்லை இடைவெளி விட்டு அடுக்கியே வெளிச்சத்தையும் காற்றையும் உள்ளே விட்டார். அவற்றைச் சுற்றுலாவில் பார்த்த நாளிலிருந்து எனக்கு இந்த ஆசை. வடபாதியில் கொடி வேலைப்பாடு இல்லாத நேர்க்கம்பிக் கதவு. ஜாலியை அடுக்கிய மறுநாள் மாலை வராந்தாத் தரையில் விழுந்த நிழலைப் பார்த்துவிட்டு, அக்கா மகன் கைப்பேசியில் எடுத்த படங்களுக்குக் கணக்கில்லை.

பூச்சு வேலை ஏப்ரலில் வந்து மாட்டியது என் திட்டமிடலின் குறை. திருச்சி வெயிலில் புதுப்பூச்சு காலையில் நனைத்தால் பதினோரு மணிக்கு வெளுத்துவிடும். ஈரச் சாக்கைத் தொங்கவிட்டு ஒரு நாளைக்கு நான்கு முறை நனைத்தேன், அறுபத்தொரு வயதில், அதே கிணற்று நீரால். கீழ் மூன்றடிக்குச் சிமெண்டைத் தவிர்த்துச் சுண்ணாம்புச் சாந்து பூசினோம். மிச்சமிருக்கும் ஈரம் அதன் வழியாக மூச்சு விடலாம். உப்பு மீண்டும் பூத்தாலும் உதிர்வது அந்தப் பூச்சாக இருக்கட்டும், செங்கல்லாக வேண்டாம். புதுப்பூச்சின் மேல் வண்ணம் அடிக்க 28 நாள் பொறுக்கச் சொல்வார்கள். நான் ஜூன் வரை பொறுத்தேன்.

இவ்வளவு பொறுமைக்குப் பிறகு வண்ணத்தில் கோட்டை விட்டேன். வண்ண அட்டையில் மிகக் கண்ணியமாகத் தெரிந்த ஓர் அடர்சாம்பலைக் கைப்பிடிச் சுவருக்கும் தூண்களுக்கும் தேர்ந்தெடுத்தேன். தெருவில் எல்லோரும் அடித்திருந்த நிறம் அது என்பதை இப்போது ஒப்புக்கொள்கிறேன். அடர்நிறம் வெயிலை விழுங்கும் என்று எட்டாம் வகுப்புப் பிள்ளைக்கும் தெரியும். எனக்கு அது இரவு 9 மணிக்குத் தூணில் சாய்ந்தபோதுதான் உறைத்தது, முதுகு சுட்டது. மேற்கு வெயில் முழுவதையும் சேமித்து வைத்து, இரவில் வட்டியோடு திருப்பிக் கொடுத்துக்கொண்டிருந்தது அந்தத் தூண். பத்து நாள் வீம்பாக இருந்துவிட்டு, மீண்டும் இரண்டு கை அடித்தேன். இம்முறை அட்டையை நம்பாமல், இரண்டடிச் சதுரமாகச் சுவரிலேயே மூன்று நிறங்களை அடித்து, காலை, மதியம், மாலை என்று நான்கு நாள் பார்த்தேன். முடிவானது, மோர் நிறம் என்று நாங்கள் சொல்லும் ஒரு வெள்ளை. சன்ஷேடின் விளிம்புக்கும் அரைவட்ட மேட்டின் கதிர்களுக்கும் மட்டும் காவி. கீழ் மூன்றடிக்கு வெறும் சுண்ணாம்பு.

முடிந்த பிறகு அந்த ஒப்பந்ததாரர் தெருவில் வேறொரு வேலைக்கு வந்தவர் நின்று பார்த்துவிட்டு, “இது பழைய டிசைன்தானே, அப்படியே விட்டுட்டீங்களே” என்றார். அவர் குறையாகச் சொன்னாரா, பாராட்டாகச் சொன்னாரா என்று விளங்கவில்லை. கணக்கு நோட்டைக் கூட்டிப் பார்த்ததில் அவர் சொன்ன தொகையில் மூன்றில் ஒரு பங்குக்குச் சற்று மேல் ஆகியிருந்தது. அதில் பெரும்பகுதி கொத்தனார் கூலியும் சார வாடகையும்தான். என் ஆறு மாத உழைப்புக்கு விலை போட்டிருந்தால் கணக்கு வேறு மாதிரி வந்திருக்கும்.

அக்டோபரில் முதல் பெருமழை ஒரு பிற்பகலில் வந்தது. குடையை எடுத்துக்கொண்டு தெருவில் இறங்கி, எதிர்வீட்டுத் திண்ணைக்குக்கூடப் போகாமல், நடுவீதியில் நின்று பார்த்தேன். சன்ஷேடின் விளிம்பிலிருந்து தண்ணீர் மணி கோத்த திரைபோல் நேராகக் கீழே விழுந்துகொண்டிருந்தது. ஒரு சொட்டுகூட அடியில் ஊர்ந்து சுவருக்கு வரவில்லை. ஜல்லி வாய்க்கால் நிரம்பாமல் ஓடியது. கொத்தனார் தன் வாசலில் நின்றபடியே கையை உயர்த்தி, அரைவட்ட மேட்டின் இடது ஓரத்தைக் காட்டினார். அரசங்கன்றை எடுத்து அடைத்த இடத்தில் உள்ளங்கையளவு ஈரம் கருத்திருந்தது.

“தை பொறக்கட்டும் டீச்சர், திரும்பக் கழட்டிப் பார்த்துடலாம்” என்று மழைக்கு மேல் கத்தினார்.